ஆட்டோபைலட் சொன்னபடி கேட்கவில்லையா? வீட்டு சிமுலேட்டரில் கோளாறு தேடும் வரிசை

ஆட்டோபைலட் பட்டனை அழுத்துகிறீர்கள், விளக்கும் எரிகிறது. ஆனால் விமானம் நேராகப் போகாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து வட்டமடிக்கிறது. அல்லது இரண்டு விநாடியில் எச்சரிக்கை ஒலியோடு தானே கழன்றுகொள்கிறது. புதிதாக வருபவர்கள் இந்த இடத்தில் பதற்றத்தில் கண்ணில் படும் பட்டன்களை எல்லாம் அழுத்திவிடுகிறார்கள். பிறகு எது முதலில் தவறியது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

ஆட்டோபைலட் உண்மையிலேயே பழுதாகியிருப்பது அரிது. நீங்கள் நினைக்கும் மோடில் அது இருக்காது, அல்லது உங்களுக்குத் தெரியாமல் வேறொரு கட்டளை அதற்குப் போய்க்கொண்டிருக்கும். இந்த இரண்டில் எது என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கீழே உள்ள வரிசை மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர், எக்ஸ்-பிளேன் இரண்டுக்கும் பொருந்தும். முதல் மூன்று படிகளுக்கு அரை மணி நேரம் போதும். எல்லாவற்றையும் பார்க்க ஒரு மாலைப் பொழுது ஆகும். கடைசிப் படி வரை பணச் செலவு எதுவும் இல்லை. புது ஜாய்ஸ்டிக் வாங்கும் முடிவை அதுவரை தள்ளிப்போடுங்கள்.

தொடங்கும் முன் மூன்று ஆவணங்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, நீங்கள் ஓட்டும் விமானத்தின் கையேடு. அதில் ஆட்டோபைலட் அத்தியாயம் மட்டும் போதும். இரண்டு, இறங்கப்போகும் ரன்வேயின் அப்ரோச் சார்ட், அதாவது இறங்கும் பாதையைக் காட்டும் வரைபடம். மூன்று, இப்போதுள்ள கன்ட்ரோல் அமைப்புகளின் நகல். சிமுலேட்டரிலேயே அந்த ப்ரொஃபைலை வேறு பெயரில் சேமித்துக்கொண்டால் எப்போது வேண்டுமானாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

1. கையை எடுத்துவிட்டு மோட் வரியைப் படியுங்கள்

பட்டனில் எரியும் விளக்கை நம்பாதீர்கள். ஆட்டோபைலட் இப்போது என்ன செய்கிறது என்பதை திரையின் மேற்பகுதியில் உள்ள மோட் வரிதான் சொல்லும். ஜி1000 என்ற திரைக் கருவித் தொகுதி பொருத்திய செஸ்னா 172-ல் அந்த வரியின் இடப்பக்கம் திசைக்கான மோட், நடுவில் ஏ.பி. என்ற எழுத்து, வலப்பக்கம் உயரத்துக்கான மோட். பச்சையில் இருப்பது இப்போது வேலை செய்கிறது; வெள்ளையில் இருப்பது முறை வரட்டும் என்று காத்திருக்கிறது. ஏர்பஸ் ஏ320-ல் இது ஐந்து பத்திகளாக இருக்கும், காத்திருக்கும் மோட் நீலத்தில் தெரியும். போயிங் 737-ல் மூன்று பத்திகள்: த்ராட்டில் (எஞ்சின் விசை), திசை, உயரம்.

புதியவர்கள் அதிகம் விழும் குழி இதுதான்: ஜி1000-ல் ஏ.பி. பட்டனை மட்டும் அழுத்தினால் அது உங்கள் ஃப்ளைட் பிளானைப் பின்பற்றாது. ஆர்.ஓ.எல். (சாய்வு), பி.ஐ.டி. (மூக்கின் கோணம்) என்ற இரண்டு அடிப்படை மோடுகளுக்குப் போகும். அழுத்தும் நேரத்தில் மூக்கு எவ்வளவு தூக்கியிருந்ததோ அதையே பிடித்துக்கொள்ளும். இறக்கை ஓரளவு சாய்ந்திருந்தால் அந்தச் சாய்வையும் பிடித்துக்கொள்ளும். 'ஆட்டோபைலட் போட்டதும் வட்டமடிக்கிறது' என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது இதுவே. எச்.டி.ஜி. (குறித்த திசை) அல்லது என்.ஏ.வி. (வழிசெலுத்தல் பாதை), கூடவே ஏ.எல்.டி. (உயரத்தைப் பிடிப்பது), வி.எஸ். (ஏறும் அல்லது இறங்கும் வீதம்), எஃப்.எல்.சி. (வேகத்தைப் பிடித்தபடி உயரம் மாற்றுவது) ஆகியவற்றில் ஒன்று என இரண்டையும் நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பிரச்சினை வந்த நொடியில் மோட் வரியில் என்ன எழுதியிருந்தது என்று ஒரு தாளில் குறியுங்கள். இனி வரும் எல்லாப் படிகளுக்கும் அந்தக் குறிப்பு தேவைப்படும்.

2. ஒரு சுத்தமான சோதனைப் பறப்பு

சிமுலேட்டரோடு வந்த செஸ்னா 172-ஐ எடுங்கள். வானிலையைத் தெளிவாக, காற்றே இல்லாமல் வையுங்கள். தரையிலிருந்து புறப்படாமல் 5,000 அடியில், வானிலேயே தொடங்குங்கள். எரிபொருள் இரண்டு பக்கமும் சமமாகப் பாதி, சுமை பைலட் ஒருவர் மட்டும், செயற்கைக் கோளாறுகள் எல்லாம் அணைந்திருக்கட்டும்.

விமானத்தைச் சமநிலைக்குக் கொண்டுவந்து எச்.டி.ஜி., ஏ.எல்.டி. இரண்டையும் போட்டு ஐந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். இங்கே ஒழுங்காகப் பறந்தால் சிக்கல் அந்தக் குறிப்பிட்ட விமானத்திலோ ஆட்-ஆன் எனும் கூடுதல் மென்பொருளிலோ மோடைப் பயன்படுத்திய விதத்திலோ இருக்கிறது. 5-ஆம் படிக்குப் போகலாம். இங்கேயும் கழன்றுகொண்டால் உங்கள் சாதனங்கள் மேல்தான் முதல் சந்தேகம்.

3. ஜாய்ஸ்டிக், யோக், பெடல்: இரட்டைக் கட்டளைகளைத் தேடுங்கள்

எல்லா யூ.எஸ்.பி. சாதனங்களையும் கழற்றிவிட்டு, சுட்டியை மட்டும் வைத்து அதே சோதனையைச் செய்யுங்கள். ஆட்டோபைலட் கழலாமல் நின்றால் குற்றவாளி கழற்றிய சாதனங்களுக்குள் இருக்கிறது. ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகுங்கள். ஒன்றைச் செருகினால் இரண்டு நிமிடம் பறந்து பார்த்துவிட்டு அடுத்தது.

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர், தனக்குத் தெரிந்த சாதனம் எதைச் செருகினாலும் அதற்கென ஒரு முன்னிருப்பு அமைப்பைத் தானே கொடுத்துவிடும். யோக் (கைப்பிடிச் சக்கரம்) ஒன்று, த்ராட்டில் ஒன்று, மேசை ஓரத்தில் மறந்துபோன கேம்பேட் ஒன்று என மூன்றிலும் எலிவேட்டர் அச்சு (மூக்கை ஏற்றி இறக்குவது) பதிவாகியிருக்கலாம். கேம்பேடின் குச்சி துளி நகர்ந்தாலும் அது உங்கள் கட்டளையாகவே எண்ணப்படும். கன்ட்ரோல் பக்கத்தில் ஒவ்வொரு சாதனத்தையும் திறந்து எலிவேட்டர், எய்லெரான் (சாய்ப்பது), ரட்டர் (மூக்கை இடவலமாகத் திருப்புவது), எலிவேட்டர் ட்ரிம் (கையை விட்டாலும் மூக்கை நிலையாக வைக்கும் திருத்தம்), த்ராட்டில் ஆகிய ஒவ்வொன்றும் ஒரே ஒரு இடத்தில் மட்டும் இருக்கும்படி மற்றதை நீக்குங்கள். பிறகு தேடல் பெட்டியில் ஆட்டோபைலட் என்று தேடி, ஒரே பட்டனுக்கு இரண்டு வேலைகள் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது நடுக்கம். பழைய ஜாய்ஸ்டிக்குகளில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்தால், கையை எடுத்த பிறகும் மதிப்பு நிலையாக நிற்காது. விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் பலகத்தைத் திறந்து, ஜாய்ஸ்டிக்கைத் தொடாமல் ஒரு நிமிடம் அந்தப் புள்ளியைக் கவனியுங்கள். அது நடுங்கினாலோ நடுவிலிருந்து விலகி நின்றாலோ முதலில் கேலிப்ரேட் செய்யுங்கள். பிறகு டெட் ஸோனை (சிறு அசைவுகளைக் கண்டுகொள்ளாத நடுப்பகுதியை) 3 முதல் 5 சதவீதம் வரை உயர்த்துங்கள். ஏ320 போன்ற விமானங்களில் சைட்ஸ்டிக் ஒரு வரம்பைத் தாண்டி அசைந்தால் ஆட்டோபைலட் கழன்றுகொள்ளும். நிஜ விமானமும் அப்படித்தான். ஆகவே நடுக்கமுள்ள ஜாய்ஸ்டிக்கை செஸ்னா பொறுத்துக்கொண்டாலும் ஏர்பஸ் பொறுக்காது.

ஸ்விட்ச் பலகை வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அழுத்தினால் அப்படியே நிற்கும் வகை ஸ்விட்சில் 'டாகிள்' (ஒவ்வொரு முறையும் ஆன், ஆஃப் என்று மாறும்) கட்டளையைப் போடாதீர்கள். ஸ்விட்ச் அழுத்தியே கிடப்பதால் கட்டளை மீண்டும் மீண்டும் போய், போட்ட ஆட்டோபைலட் அடுத்த கணமே அணையக்கூடும். மேல் நிலைக்கு 'ஆன்', கீழ் நிலைக்கு 'ஆஃப்' என்று தனித்தனிக் கட்டளை கொடுங்கள்.

எக்ஸ்-பிளேனில் இன்னொரு வித்தியாசம் உண்டு. ஃப்ளைட் டைரக்டர் வேறு, விமானத்தை உண்மையில் அசைக்கும் சர்வோ வேறு. ஃப்ளைட் டைரக்டரை மட்டும் போட்டால் திரையில் வழிகாட்டும் கோடுகள் அழகாக அசையும், விமானம் அசையாது. உங்கள் பட்டனுக்கு சர்வோவை இயக்கும் கட்டளைதான் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

நீண்ட பறப்பில் மட்டும் சாதனம் திடீரென விடுபட்டால், விண்டோஸின் மின்சேமிப்பு அமைப்பில் யூ.எஸ்.பி. இணைப்பை உறங்கவைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். மின்சாரம் தனியாக இல்லாத ஹப் வழியே செருகியிருந்தால் நேராகக் கணினியில் செருகிப் பாருங்கள்.

4. சிமுலேட்டரின் உதவி வசதிகளை அணையுங்கள்

மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் தானியங்கி ட்ரிம், ஸ்டால் (இறக்கை தூக்குவிசை இழப்பது) தடுப்பு, புறப்படவும் இறங்கவும் உதவி என்று பல உண்டு. ஆட்டோபைலட்டும் இவையும் ஒரே நேரத்தில் ஒரே எலிவேட்டரை நகர்த்தப் பார்க்கும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சோதியுங்கள். ஏ.ஐ. பைலட்டிடம் கட்டுப்பாட்டைக் கொடுத்துவிட்டு மறந்திருக்கிறீர்களா என்றும் மேல் பட்டியில் பாருங்கள். அது ஓட்டிக்கொண்டிருக்கும்போது நீங்கள் எந்தப் பட்டனை அழுத்தினாலும் பலன் இருக்காது.

ஆக்டிவ் பாஸ் (Pause) வசதியிலும் கவனம் தேவை. விமானம் அதே இடத்தில் நிற்கும், ஆனால் எரிபொருளும் கருவிகளும் ஓடிக்கொண்டிருக்கும். விடுவித்த கணத்தில் விமானம் எகிறலாம். எழுந்து போக வேண்டுமானால் முழு பாஸ் போடுங்கள்.

5. ட்ரிம் செய்த பிறகே இணையுங்கள்

ஆட்டோபைலட், விமானம் இருக்கும் நிலையிலிருந்து வேலையைத் தொடங்குகிறது. கையால் யோக்கை இழுத்துப் பிடித்தபடி பட்டனை அழுத்தினால் கையை விட்டதும் மூக்கு விழும். முதலில் வேகத்தை நிலைப்படுத்தி, கையை விட்டாலும் மூக்கு அசையாத அளவுக்கு ட்ரிம் செய்து, இறக்கைகளைச் சமமாக்கி, பிறகு அழுத்துங்கள். பத்து விநாடி வேலைதான்.

ட்ரிம் சக்கரம் தனிச் சாதனமாக இருந்து, அது அச்சாகப் பதிவாகியிருந்தால், ஆட்டோபைலட் ட்ரிம்மை ஓரிடத்துக்கு நகர்த்த உங்கள் சக்கரம் வேறிடத்தைச் சொல்லும். மூக்கு மேலும் கீழும் ஆடினால் இந்த அச்சை நீக்கிவிட்டு, ட்ரிம்மை இரண்டு பட்டன்களுக்கு மாற்றிப் பாருங்கள்.

6. உயரம் பிடிக்கவில்லை என்றால்

உயரத்தைத் திருகிவிட்டால் மட்டும் விமானம் ஏறாது. 8,000 என்று திருகுவது இலக்கை வைப்பது. அங்கே எப்படிப் போவது என்பதை வி.எஸ். அல்லது எஃப்.எல்.சி. பட்டனால் சொல்ல வேண்டும். அதன் பின் வெள்ளையில் ஏ.எல்.டி.எஸ். என்று காத்திருக்கும் மோட் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏ.எல்.டி. பட்டனை அழுத்தினால் இப்போது இருக்கும் உயரத்தையே பிடித்துக்கொள்ளும். திருகிவிட்டு ஏ.எல்.டி. அழுத்தி, 'ஏறவே இல்லை' என்று குழம்புபவர்கள் ஏராளம்.

வி.எஸ். மோடில் ஆபத்து ஒன்று ஒளிந்திருக்கிறது. அது ஏறும் வீதத்தை மட்டுமே காப்பாற்றும், வேகத்தைக் காப்பாற்றாது. செஸ்னா 172எஸ் முழு எடையில், கடல்மட்டத்தில், 74 நாட் வேகத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 730 அடிதான் ஏறும். உயரம் கூடக்கூட அதுவும் குறையும். நீங்கள் 1,500 என்று வைத்தால் ஆட்டோபைலட் மூக்கைத் தூக்கிக்கொண்டே போகும், வேகம் விழுந்துகொண்டே வரும், கடைசியில் ஸ்டால் எச்சரிக்கை கதறும். சிறிய விமானத்தில் 500-க்கு மேல் வைக்காதீர்கள். ஏறுவதற்கு எஃப்.எல்.சி.தான் பாதுகாப்பானது: முழு த்ராட்டில் கொடுத்து 80 நாட் வேகத்தை வைத்தால், அந்த வேகத்துக்கு எவ்வளவு ஏற முடியுமோ அவ்வளவே ஏறும். இந்த விமானத்தில் த்ராட்டிலைக் கவனிக்க யாரும் இல்லை. அது முழுக்க உங்கள் கையில். உயரம் பிடித்ததும் குறைக்க வேண்டியதும் நீங்களே.

ஆட்டோபைலட் 'தவறான உயரத்தில்' பறப்பதாகத் தோன்றினால் ஆல்டிமீட்டர் அழுத்தத்தைப் பாருங்கள். ஒரு ஹெக்டோபாஸ்கல் தவறினால் கீழ் உயரங்களில் 27 முதல் 30 அடி வரை பிசகும். 10 ஹெக்டோபாஸ்கல் என்றால் 300 அடி. விமானப் போக்குவரத்துக் கன்ட்ரோலர் திட்டத் தொடங்கிவிடுவார். டிரான்சிஷன் உயரத்துக்குக் கீழே உள்ளூர் அழுத்தம், மேலே 1013.

7. திசை பிசகினால்

எச்.டி.ஜி. அழுத்தியதும் விமானம் ஹெடிங் பக் (திசையைக் குறிக்கும் அடையாளம்) நிற்கும் திசைக்கு உடனே திரும்பும். பக் பின்னால் நின்றால் பின்னால்தான் திரும்பும். முதலில் நாபை (திருகு குமிழை) அழுத்திப் பக்கை இப்போதைய திசைக்குக் கொண்டுவந்துவிட்டுப் பிறகு எச்.டி.ஜி. போடுங்கள். பழைய வட்ட முள் கருவிகள் உள்ள விமானத்தில் கைரோ திசைகாட்டி காலப்போக்கில் விலகும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை காந்தத் திசைகாட்டியோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும்.

என்.ஏ.வி. மோட், சி.டி.ஐ. (பாதை விலகலைக் காட்டும்) ஊசி எதைக் காட்டுகிறதோ அதைப் பின்தொடரும். ஊசி மெஜந்தா நிறம் என்றால் ஜி.பி.எஸ்., பச்சை என்றால் ரேடியோ. ஃப்ளைட் பிளான் போட்டிருந்தும் ஊசி பச்சையில் கிடந்தால், பிளானில் இல்லாத ஏதோ ஒரு ரேடியோ நிலையத்தை நோக்கி விமானம் போகும். சி.டி.ஐ. பட்டனை அழுத்தி மெஜந்தாவுக்கு மாற்றுங்கள்.

விமானம் யூ-டர்ன் அடித்துப் பின்னோக்கிப் போகிறதா? ஏற்கெனவே தாண்டிவிட்ட வேபாயின்ட்டை (பாதையில் குறித்த புள்ளியை) அது இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. ஃப்ளைட் பிளானில் அடுத்த வேபாயின்ட்டைத் தேர்ந்தெடுத்து 'டைரக்ட் டூ' கொடுங்கள், அல்லது அந்த லெகை (பாதைத் துண்டை) ஆக்டிவேட் செய்யுங்கள்.

8. ஐ.எல்.எஸ். பிடிக்கவில்லை என்றால்

ஐ.எல்.எஸ். என்பது ரன்வேக்கு வழிகாட்டும் ரேடியோ அமைப்பு. சார்ட்டைத் திறந்து வையுங்கள். வரிசை மாறக் கூடாது.

முதலில் லோக்கலைசர் (ரன்வேயின் திசைக் கோடு) அலைவரிசை. அது 108.10 முதல் 111.95 வரைக்குள், புள்ளிக்கு அடுத்த முதல் இலக்கம் ஒற்றைப்படையாக இருக்கும். அப்படி இல்லையென்றால் தவறாகப் படித்திருக்கிறீர்கள். அதை ஸ்டேண்ட்பையிலிருந்து ஆக்டிவுக்கு மாற்ற மறக்காதீர்கள். அடுத்து கோர்ஸ், அதாவது சார்ட்டில் உள்ள இறுதித் திசை. அடுத்து சி.டி.ஐ. ஊசியைப் பச்சைக்கு மாற்றுவது. சில விமானங்களில் இது தானாக மாறும். கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். அதன் பிறகே ஏ.பி.ஆர். (அப்ரோச்) பட்டன். எச்.டி.ஜி. மோடில் சுமார் 30 டிகிரி கோணத்தில் குறுக்கிடுங்கள். 90 டிகிரியில் வேகமாகப் பாய்ந்தால் கோட்டைத் தாண்டிவிடும்.

க்ளைட் ஸ்லோப்பை (இறங்கும் சரிவுக் கோட்டை) எப்போதும் கீழிருந்தே பிடிக்க வேண்டும். மேலே இருந்துகொண்டு அது இறங்கும் என்று காத்திருப்பது வீண். வழக்கமான 3 டிகிரிச் சரிவில் ஒரு கடல் மைலுக்கு ஏறத்தாழ 300 அடி என்று கணக்கு: ரன்வேயிலிருந்து 10 மைலில் சுமார் 3,000 அடி உயரம். அதைவிட மேலே இருந்தால் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். பிடித்த பிறகு இறங்கும் வீதம் சரியா என்று பார்க்க, தரை வேகத்தை 5-ஆல் பெருக்குங்கள்: 90 நாட்டுக்கு நிமிடத்துக்கு 450 அடி, 140 நாட்டுக்கு 700 அடி.

9. ஏர்பஸ், போயிங் ஓட்டுபவர்களுக்கு

ஏ320-ல் நாபை உள்ளே அழுத்தினால் பொறுப்பு விமானத்துக்கு, வெளியே இழுத்தால் பொறுப்பு உங்களுக்கு. சுட்டியால் அழுத்துவதும் இழுப்பதும் எளிதில் மாறிப்போகும், அதனால் ஒவ்வொரு முறையும் மோட் வரியைப் பாருங்கள். ஃப்ளைட் பிளானில் டிஸ்கன்டினியூட்டி என்ற இடைவெளி இருந்தால், அங்கே போய்ச் சேர்ந்ததும் என்.ஏ.வி. விலகி எச்.டி.ஜி.க்கு வந்துவிடும், புறப்படும் முன்பே அதை அழித்துவிடுங்கள். ஆட்டோத்ரஸ்ட் (தானியங்கி எஞ்சின் விசை) வேலை செய்யவில்லை என்றால் லீவர் சி.எல். (ஏறும் விசை) பள்ளத்தில் இல்லை என்று பொருள். மேசையில் உள்ள லீவர் பள்ளத்தில் இருந்தாலும் சிமுலேட்டர் அதைச் சற்று முன்னாலோ பின்னாலோ படித்திருக்கலாம். ஃப்ளைபைவயர் குழுவின் ஏ320 ஆட்-ஆனில் டேப்லெட்டுக்குள் இருக்கும் த்ராட்டில் கேலிப்ரேஷனில் ஒவ்வொரு பள்ளத்தையும் பதிவுசெய்ய பத்து நிமிடம் ஆகும். அதைச் செய்யாமல் பறக்கவே வேண்டாம்.

737-ல் சி.எம்.டி. (ஆட்டோபைலட்டை இணைக்கும்) பட்டன் ஏற்கவில்லை என்றால் மூன்று இடங்களைப் பாருங்கள்: பலகையின் கீழே உள்ள டிஸ்என்கேஜ் பட்டை இறங்கிக் கிடக்கிறதா, ஸ்டெபிலைசர் ட்ரிம் கட்அவுட் ஸ்விட்ச் தட்டப்பட்டிருக்கிறதா, அழுத்தும்போது யோக் நடுவில் இருந்ததா. மோட் வரியில் சி.டபிள்யூ.எஸ். (யோக்கின் அசைவை மட்டும் கேட்கும் நிலை) என்று வந்தால் விமானம் எந்தப் பாதையையும் பின்பற்றாது. ஃப்ளைட் டைரக்டர் ஸ்விட்சுகள் இரண்டையும் போட்டுவிட்டு எல்.என்.ஏ.வி. (பிளானின் திசைப் பாதை), வி.என்.ஏ.வி. (பிளானின் உயரப் பாதை) மோடுகளைத் திரும்ப அழுத்துங்கள். பாதையிலிருந்து வெகுதூரம் விலகியிருந்தால் எல்.என்.ஏ.வி. ஏற்காது, எச்.டி.ஜி. வைத்துப் பாதையை நெருங்கிய பிறகு முயலுங்கள்.

10. மூக்கு அலைபாய்ந்தால்

முதலில் ஃப்ரேம் வீதம். 20-க்குக் கீழே போனால் ஆட்டோபைலட் தன் திருத்தங்களைத் தாமதமாகச் செய்யும், மிகைப்படுத்தும், பிறகு எதிர்ப்பக்கம் மிகைப்படுத்தும். கிராஃபிக்ஸைக் குறைத்துப் பாருங்கள். எக்ஸ்-பிளேனில் ஒரு ஃப்ரேமுக்கு எத்தனை முறை பறத்தல் கணக்கைச் செய்வது என்ற அமைப்பை உயர்த்துவது பலருக்குப் பலன் தரும். நேரத்தை 4 மடங்கு, 8 மடங்கு ஓட்டுபவர்கள் திருப்பங்களுக்கும் இறக்கத்துக்கும் முன் 1-க்குத் திரும்புங்கள்.

பிறகு சுமை. பயணிகளையும் பெட்டிகளையும் பின்னால் குவித்திருந்தால் புவியீர்ப்பு மையம் பின்னால் போய் விமானம் நிலையற்றதாகும். சுமைப் பக்கத்தில் மையம் வரம்புக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

11. அரை மணி நேரம் கழித்துக் கழன்றால்

ஆல்டர்னேட்டர் ஸ்விட்சைப் போட மறந்திருப்பீர்கள். பேட்டரி தீர்ந்ததும் ஆட்டோபைலட்டும் போகும்; வோல்ட் மீட்டர் காட்டிக்கொடுக்கும். மேகத்துக்குள் போனதும் வேகம் பூஜ்யமானால் பிடோ ஹீட் (வேகம் அளக்கும் குழாயைச் சூடாக்கும் ஸ்விட்ச்) போடவில்லை. மெல்ல மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தால் எரிபொருள் ஒரு டேங்கிலிருந்து மட்டும் எடுக்கப்படுகிறது. இடது, வலது என்று மட்டும் செலக்டர் உள்ள விமானங்களில் அரை மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

12. ஆட்-ஆன்களும் வழிசெலுத்தல் தரவும்

மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் கம்யூனிட்டி ஃபோல்டரில் உள்ளதை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு, எக்ஸ்-பிளேனில் பிளக்-இன்களை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். சரியானால், பாதிப் பாதியாகத் திரும்ப வையுங்கள். முப்பது ஆட்-ஆன் இருந்தாலும் ஐந்து சுற்றில் குற்றவாளி சிக்கும். சிமுலேட்டர் புதுப்பிப்பு வந்த மறுநாள் கெட்டுப்போன விமானத்துக்கு இதுவே முதல் சோதனை.

வழிசெலுத்தல் தரவு 28 நாளுக்கு ஒருமுறை மாறும். ஃப்ளைட் பிளான் ஒரு சுழற்சியிலும் விமானம் இன்னொரு சுழற்சியிலும் இருந்தால் சில வேபாயின்ட்கள் காணாமல் போய் இடைவெளி விழும். இதற்காகச் சந்தா வாங்க வேண்டியதில்லை. இரண்டும் ஒரே சுழற்சியில் இருந்தால் போதும், பழையதானாலும் பரவாயில்லை.

13. இவ்வளவும் செய்த பிறகு

ஜாய்ஸ்டிக் நடுக்கம் டெட் ஸோன் 10 சதவீதம் வைத்தும் அடங்கவில்லை என்றால்தான் அதை மாற்றும் நேரம். மாற்றும்போது ஹால் சென்சார் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். அதில் உரசும் பாகம் இல்லாததால் தேய்மானம் குறைவு.

ஒரே ஒரு விமானத்தில் மட்டும் கோளாறு நீடித்தால் அதைத் தயாரித்தவருக்கு எழுதுங்கள். சிமுலேட்டரின் பதிப்பு எண், விமானத்தின் பதிப்பு எண், கழன்ற நொடியில் மோட் வரியில் இருந்தது, உயரம், வேகம், இணைத்திருந்த சாதனங்கள், செருகியதைக் கழற்றியும் நடந்ததா என்ற விவரம் ஆகியவற்றைச் சேருங்கள். எக்ஸ்-பிளேன் என்றால் அதன் ஃபோல்டரில் உள்ள லாக் கோப்பையும் இணையுங்கள். அடுத்த முறை எக்ஸ்-பிளேனைத் தொடங்கினால் அந்தக் கோப்பு அழிந்து புதிதாக எழுதப்படும். அதனால் கோளாறு நடந்த உடனே நகலெடுத்துவிடுங்கள்.